ஊர் போட்ட முதல்: ராஜபாளையத்து ராம்கோ குடும்பத்தின் கதை



"சார், கட்டபொம்மன், ஊமைத்துரை எல்லாம் எழுதிட்டீங்க. நம்ம ராஜபாளையம் மில் கதையை எப்ப எழுதப் போறீங்க?" என்று பழைய மாணவர்கள் சிலர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வாக்குவாதம் வேறு. "பணக்காரக் குடும்பம் மூணு தலைமுறைக்கு மேல நிக்காது" என்றார் சித்தப்பா. "ராம்கோ நிக்குதே" என்றான் அக்கா மகன். "அது அவங்க ஜாதகம்" என்று சித்தப்பா முடித்துவிட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் நடத்தியவன் ஜாதகம் என்ற பதிலோடு விட்டுவிட முடியுமா? அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

ரயில் வந்த ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு ஊரும் இரண்டு குணம். நம் ஊர் கோயில், கோர்ட்டு, தாலுகா கச்சேரி என்று வளர்ந்தது. இன்றைக்கும் விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இங்கேதான் இருக்கிறது. ராஜபாளையம் நிலத்தையும் பஞ்சையும் நம்பி வளர்ந்த ஊர். விஜயநகர காலத்தில் ஆந்திரப் பக்கம் இருந்து தெற்கே வந்த ராஜுக்கள் பழையபாளையம், புதுப்பாளையம் என்று தெருக்களாக அமர்ந்தார்கள். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ்.

கிழக்கே போகப்போகக் கரிசல் காடு. அதில் விளைந்த கருங்கண்ணிப் பருத்திக்கு நல்ல பெயர் இருந்தது. ஆனால் பஞ்சை நூலாக்கும் பெரிய ஆலைகள் எங்கே இருந்தன? மதுரை, தூத்துக்குடி, பாபநாசம் ஆகிய இடங்களில் ஹார்வி துரைமார் கையில். காடு நம்முடையது, உழைப்பு நம்முடையது. நூல் விற்ற லாபம் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு.

1927-இல் விருதுநகரில் இருந்து தென்காசிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அந்தப் பாதையில்தான் வருகின்றன. மாட்டு வண்டியில் நாள் கணக்கில் போன பஞ்சுப் பொதி சில மணி நேரத்தில் விருதுநகர்ச் சந்தைக்குப் போய்விடும். வெளியில் இருந்து இயந்திரம் வரவும் வழி பிறந்தது. இரண்டே வருஷத்தில் 1929-இன் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. பருத்தி விலை விழுந்தது. பஞ்சை அப்படியே விற்றுப் பிழைப்பது இனி நடக்காது என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

1934 ஜனவரியில் காந்தியடிகள் தம் ஹரிஜன யாத்திரையில் ராஜபாளையம் வந்தார். ஊரே கதர் கட்டிய காலம். இந்த ஊரைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா பின்னாளில், 1949-இல், சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். ஒரே ஊரில் ஒருவர் அரசியல் வழியில் போனார். இன்னொருவர் தொழில் வழியில் போனார். இந்த இரண்டாமவர்தான் நம் கதையின் நாயகர்.

பெட்டியில் இருந்த பணம்

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1894-இல் பிறந்தவர். நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் ஆலை முதலாளி ஆனார். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் லிமிடெட் பதிவானது. இரண்டு வருஷத்தில், 1938-இல், ஆலை ஓடத் தொடங்கியது.

பிள்ளைகளே, இங்கே "லிமிடெட்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு நூற்பாலை என்பது அன்றைக்கு ஒரு குடும்பம் தன் சொந்தப் பணத்தில் கட்டக்கூடியது அல்ல. இங்கிலாந்தில் இருந்து இயந்திரம் வரவேண்டும். கட்டடம் வேண்டும், பஞ்சு வாங்கிப் போட முதல் வேண்டும். ராமசாமி ராஜா அதைப் பொதுப் பங்கு நிறுவனமாகத் தொடங்கி, ஊர்க்காரர்களைப் பங்குதாரர் ஆக்கினார்.

இன்றைக்கு நம் பேரன்மார் செல்போனில் விரலைத் தட்டிப் பங்கு வாங்குகிறார்கள். 1936-இல் ஒரு சம்சாரியிடம் போய், "உன் பணத்தைக் கொடு, ஒரு காகிதம் தருகிறேன், ஆலை ஓடி லாபம் வந்தால் உனக்கும் பங்கு உண்டு" என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? அவருக்குத் தெரிந்த சேமிப்பு நிலம், நகை, நெல், வட்டிக்குக் கொடுத்த கடன். இவற்றைக் கண்ணால் பார்க்கலாம். பங்குப் பத்திரம் வெறும் வாக்குறுதி.

அந்தக் காலத்தின் பயம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆலை ஓடத் தொடங்கிய அதே 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் திவாலானது. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்று அது. பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். பெரிய வங்கியே கவிழ்ந்த வருஷத்தில் ஒரு சிற்றூர் ஆலையின் பங்குக் காகிதத்தை மக்கள் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். எந்தத் தைரியத்தில் என்றால், ஆள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்ற தைரியம்தான். கோயிலில், கல்யாண வீட்டில், கடைத்தெருவில் தினமும் கண்ணில் படுகிறவர். கணக்குக் கேட்கலாம், முகத்தைப் பார்த்துச் சண்டையும் போடலாம்.

சித்தப்பா சொன்ன ஜாதகத்துக்குப் பதிலாக நான் இதைத்தான் சொல்வேன். அந்தக் குடும்பத்தின் சொத்துக்கு அடியில் ஊரார் போட்ட முதல் இருந்தது. மற்றவர் பணம் கையில் இருக்கும்போது மனிதன் இரண்டில் ஒன்றாக ஆகிறான். ஏமாற்றுக்காரனாக ஆகலாம், அல்லது வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவனாக ஆகலாம். இந்த வீட்டின் அடுத்த எண்பது வருஷத்தை அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பல விஷயம் புரியும்.

யுத்தமும் பஞ்சும்

1939-இல் இரண்டாம் உலக யுத்தம். அதே வருஷம் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தொடங்கப்பட்டது. காயத்துக்கு வைத்துக் கட்டும் பஞ்சு செய்யும் ஆலை. சாதாரணப் பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகுத் தன்மை உண்டு, அது தண்ணீரை உறிஞ்சாது. அதைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, சுத்தம் செய்தால்தான் ரத்தத்தையும் சீழையும் உறிஞ்சும் மருத்துவப் பஞ்சாகும். கரிசல் காட்டுப் பருத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போன கதை இது. இன்றைக்கும் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டிக்குப் போனால் தெருத் தெருவாகத் தறிச் சத்தம் கேட்கும். நெய்வது சேலையும் வேட்டியும் அல்ல, பேண்டேஜ் துணி. நாட்டின் பல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்துதான் போகிறது.

யுத்த காலம் ஆலைகளுக்குக் கொழுத்த லாபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. துணிக்கும் நூலுக்கும் தட்டுப்பாடு, விலை ஏற்றம் எல்லாம் இருந்தது. மறுபக்கம், கப்பல் போக்குவரத்து முடங்கியதால் புது இயந்திரமும் உதிரிப் பாகமும் எளிதில் வராது. 1943-இல் அரசாங்கம் துணி, நூல் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. என்ன விலைக்கு விற்பது, யாருக்கு விற்பது என்று சர்க்கார் சொல்லும். சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கத்துக் கைத்தறிக்காரர்களின் பிள்ளைகள் பலர் என்னிடம் படித்தார்கள். நூல் கிடைக்காமல் தறி சும்மா நின்ற அந்த நாட்களைத் தாத்தாமார் சொல்லக் கேட்டு அவர்கள் வகுப்பில் வந்து சொல்வார்கள். ஆலையில் நூல் ஓடினால்தான் தறிக்காரன் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலை.

சுண்ணாம்புக் கல்

சுதந்திரம் வந்தது. 1952-இல் முதல் பொதுத் தேர்தல். முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் நின்று தோற்றார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பாராளுமன்றத் தொகுதியில் காமராஜர் ஜெயித்தார். பெரிய பெயர் என்பதற்காக நம் ஜனங்கள் யாருக்கும் ஓட்டுப் போட்டுவிட மாட்டார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1954-இல் காமராஜர் முதலமைச்சர் ஆனார். 1956-இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. அணை, பள்ளிக்கூடம், பாலம், தொழிற்பேட்டை, எங்கு பார்த்தாலும் கட்டடம். கட்டடத்துக்குச் சிமெண்டு வேண்டும். விருதுநகர் வட்டாரத்தின் பூமிக்கடியில், பந்தல்குடிப் பக்கம், சுண்ணாம்புக் கல் கிடந்தது.

1957 ஜூலையில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் பதிவானது. ராமசாமி ராஜாவுக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. நம் வீடுகளில் அந்த வயதில் என்ன செய்வோம்? பேரனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவோம். அவர் நூலில் இருந்து சிமெண்டுக்குத் தாவினார். நூற்பாலையை விடப் பல மடங்கு முதல் தேவைப்படும் தொழில் அது. சூளையை ஒரு தடவை மூட்டிவிட்டால் இரவும் பகலும் எரியவேண்டும். நினைத்தபோது நிறுத்த முடியாது. போதாக்குறைக்கு எல்லாவற்றுக்கும் டில்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டிய காலம்.

விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே துலுக்கப்பட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆலை எழுந்தது. இன்றைக்கு அந்த இடத்துக்கு ராமசாமிராஜா நகர் என்று பெயர், சுருக்கமாக ஆர்.ஆர். நகர். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 200 டன். அன்றைய வழக்கப்படி ஈர முறை, அதாவது கல்லை அரைத்துத் தண்ணீரோடு குழம்பாக்கிச் சூளைக்குள் விடுவது. அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே ஏகப்பட்ட எரிபொருள் செலவாகும்.

ஆலை உற்பத்திக்கு வந்த காலமும் ராமசாமி ராஜா கண்மூடிய காலமும் ஏறக்குறைய ஒன்று. 1962-இல் அவர் காலமானார். பெரிய கடன், புதிய தொழில், சூடு பிடிக்காத சூளை. நாற்காலியில் வந்து உட்கார்ந்த மகன் பி.ஆர். ராமசுப்பிரமணிய ராஜாவுக்கு வயது 27.

இருபத்தேழு வயதுப் பிள்ளை

தமிழ்நாட்டில் எத்தனையோ தொழில் குடும்பங்களின் கதை இந்த இடத்தில்தான் திரும்பும். தகப்பனார் போனார், அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனார்கள், ஆலை பூட்டியது. நம் பக்கத்து ஊர்களிலேயே செடி முளைத்துக் கிடக்கும் மில் கட்டடங்கள் உண்டு. சென்னையில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய பக்கிங்ஹாம் கர்னாடிக் மில்லே 1996-இல் மூடப்பட்டது. சித்தப்பா சொன்ன "மூணு தலைமுறை" கணக்கு வானத்தில் இருந்து வந்ததில்லை, இப்படிப் பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

இங்கே அப்படி ஆகவில்லை. 1962-இல் உட்கார்ந்தவர் 2017 வரை, ஐம்பத்தைந்து வருஷம், அந்த நாற்காலியில் இருந்தார். தகப்பனார் பெயரில் 1963-இல் ராஜபாளையத்தில் பாலிடெக்னிக் வந்தது. 1965-இல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸ், 1967-இல் அரக்கோணத்தில் கூரைத் தகடு ஆலை.

ஆனால் சிமெண்டில் அவர் பட்ட பாடு இருபது வருஷப் பாடு. ஏன் என்று சொல்கிறேன். சிமெண்டை ஆலைக்காரர் இஷ்டப்படி விற்க முடியாது. விலையையும் விநியோகத்தையும் அரசாங்கம் தீர்மானித்தது. நிலக்கரி விலை ஏறும், ரயில் கட்டணம் ஏறும், சிமெண்டு விலை மட்டும் டில்லி சொன்ன இடத்தில் நிற்கும். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றியபோது உலகமே எரிபொருளுக்குத் தவித்தது. ஈர முறைச் சூளை வைத்திருந்தவர்கள் நிலையைக் கேட்கவே வேண்டாம். லாபம் இல்லாத தொழிலில் யார் புது ஆலை கட்டுவார்கள்? யாரும் கட்டவில்லை. நாட்டில் சிமெண்டுப் பஞ்சம் வந்தது.

உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு "சிமெண்டு பெர்மிட்" ஞாபகம் இருக்கும். நான் வீட்டுக்கு ஒரு அறை சேர்த்துக் கட்டிய வருஷம், மூட்டைக் கணக்குப் போட்டு மனு எழுதி, ஒரு சர்க்கார் ஆபீஸ் வராந்தாவில் எத்தனையோ நாள் நின்றேன். கிடைத்தது கேட்டதில் பாதி. சிமெண்டு ஆலை வைத்திருக்கும் குடும்பம் பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கிறது, நான் பெர்மிட்டுக்கு நிற்கிறேன்! கட்டுப்பாடு என்றால் என்ன என்று பத்தாம் வகுப்புக்குப் பொருளாதாரம் நடத்தும்போதெல்லாம் இந்த வராந்தாவைத்தான் உதாரணம் சொல்வேன்.

பம்பாயில் இந்தச் சிமெண்டு ஒதுக்கீட்டால் ஓர் ஆட்சியே ஆட்டம் கண்டது. மகாராஷ்டிர முதல்வர் அந்துலே, ஒதுக்கீட்டுக்கு நன்கொடை வாங்கிய வழக்கில் தீர்ப்பு எதிராக வர, 1982 ஜனவரியில் பதவி விலகினார். அடுத்த மாதமே, பிப்ரவரி 28 அன்று, மத்திய அரசு பாதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பழைய ஆலைகள் மூன்றில் இரண்டு பங்கைச் சர்க்கார் விலைக்குக் கொடுத்துவிட்டு மீதியை வெளிச் சந்தையில் விற்கலாம். புது ஆலைகள் பாதியைக் கொடுத்தால் போதும். 1989 மார்ச்சில் கட்டுப்பாடு முழுதாகப் போனது.

கதவு திறந்ததும் யார் உள்ளே நுழைந்தார்கள் என்று பாருங்கள். இருபது வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள்தான். மெட்ராஸ் சிமெண்ட்ஸ் எண்பதுகளில் ஆந்திராவில் ஜெயந்திபுரத்தில் இரண்டாவது ஆலையைக் கட்டியது. 1997-இல் அரியலூர்ப் பக்கம் ஆலத்தியூர் ஆலை. 1993-இலேயே முப்பந்தலில் காற்றாலை போட்டார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதைப் பலரும் வேடிக்கையாகப் பேசிய நாள் அது. 2008-க்குப் பிறகு தமிழ்நாடே மின்வெட்டில் இருண்டு கிடந்தபோது, சொந்தக் காற்றாலை வைத்திருந்த ஆலைகள் எப்படித் தாக்குப் பிடித்தன என்று அதில் வேலை பார்த்த நம் மாணவர்களே சொல்வார்கள்.

இன்னொன்று. தொழில் இவ்வளவு விரிந்த பிறகும், பெரும் முதலாளிகள் பம்பாய்க்கும் சென்னைக்கும் குடிபெயர்ந்த காலத்திலும், குழுமத்தின் தலைவர் ராஜபாளையத்தை விட்டுப் போகவில்லை. சென்னையில் பெரிய அலுவலகம் இருந்தும் வீடும் வேரும் இங்கேதான். 2017 மே 11 அன்று அவர் காலமானபோது ஊர்க் கடைகள் அடைத்துக் கிடந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

விழுந்த இடங்கள்

பெருமையை மட்டும் எழுதினால் அது சரித்திரம் ஆகாது, மலர் வெளியீடு ஆகிவிடும். ஆகவே மற்ற பக்கம்.

மூன்றாம் தலைமுறையான பி.ஆர். வெங்கட்ராம ராஜா கணினிப் பக்கம் போனார். ஒரு நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கட்டும் வேலை. "மார்ஷல்" என்ற பெயரில் தொண்ணூறுகளில் வெளியிட்டார்கள். 1997-இல் ராம்கோ சிஸ்டம்ஸ் தனி நிறுவனம் ஆனது. அந்த நாளில் நம் நாட்டு மென்பொருள் கம்பெனிகள் பெரும்பாலும் வெளிநாட்டார் கேட்ட வேலையைச் செய்து கொடுத்துக் கூலி வாங்கின. இவர்கள் சொந்தச் சரக்கைச் செய்து, ஜெர்மானிய எஸ்.ஏ.பி. போன்ற மலைகளோடு மோதினார்கள். விளைவு, பல வருஷம் நஷ்டம். சிமெண்டு சம்பாதித்ததைக் கணினி தின்கிறது என்று பங்குதாரர்கள் முணுமுணுத்தார்கள். இருந்தும் கடையைக் கட்டவில்லை. விமானப் பராமரிப்பு, சம்பளக் கணக்கு என்று சில துறைகளில் அந்த மென்பொருளுக்கு வெளிநாடுகளில் இடம் கிடைத்தது. லாப நஷ்டக் கணக்கு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

2012 ஜூனில் பெரிய அடி. சிமெண்டு நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை ஏற்றின என்று இந்தியப் போட்டி ஆணையம் பதினொரு நிறுவனங்களுக்கு மொத்தம் 6,300 கோடி ரூபாய் அளவுக்கு அபராதம் விதித்தது. அதில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் பங்கு சுமார் 258 கோடி. நிறுவனங்கள் மறுத்தன, மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு காலத்தில் விலையைச் சர்க்கார் அமுக்கியதால் வீடு கட்டுகிறவன் பெர்மிட்டுக்கு நின்றான். கட்டுப்பாடு போன பிறகு விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று அதே வீடு கட்டுகிறவன் கேட்கிறான். இரண்டும் நியாயமான கேள்வி. இந்த அபராதத்துக்கு அடுத்த வருஷம், 2013-இல், நிறுவனத்தின் பெயர் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று மாறியது.

கூரைத் தகட்டுக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலுக்குக் கேடு என்று உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் கூரைத் தகட்டுக்கு இன்னும் அனுமதி இருக்கிறது. ஓலைக்கும் ஓட்டுக்கும் வழியில்லாத ஏழைக்கு மலிவான கூரை அதுதான் என்பதும் உண்மை. அந்த இழை கலக்காத பலகைகளையும் இதே நிறுவனம் செய்கிறது. இந்த விவாதம் முடியவில்லை.

நூற்பாலைத் தொழிலே மொத்தமாகத் தள்ளாடுகிறது. 2011 தொடக்கத்தில் பஞ்சு விலை சரித்திரம் காணாத உயரத்துக்குப் போய், சில மாதத்தில் சரிந்தது. உச்ச விலைக்குப் பஞ்சை வாங்கி வைத்திருந்த ஆலைகள் தமிழ்நாடு முழுக்க அடிவாங்கின. கருங்கண்ணி போய் இன்றைக்கு வெளிமாநிலப் பஞ்சும் வெளிநாட்டுப் பஞ்சும் வருகின்றன. ஆலைக்குள்ளும் ஆள் மாறிவிட்டார்கள். ராஜபாளையம் வட்டாரத்தில் மில் வேலை என்பது ஒரு காலத்தில் தகப்பன் மகனுக்கு விட்டுப்போகும் சொத்து. இன்று எந்த ஆலையிலும் பெண் பிள்ளைகளும் வட மாநிலத்துத் தம்பிகளும்தான் அதிகம்.

தொழிலாளியை விட்டுவிட்டு முதலாளி கதை எழுதக்கூடாது. என் வகுப்பில் மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். இரவு ஷிப்டு முடிந்து தகப்பன் தூங்குவார் என்பதால் வீட்டில் சத்தம் போட்டுப் படிக்க முடியாத பிள்ளைகள். பஞ்சுத் தூசி ஏறி இருமிக்கொண்டே வயதான மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். இது ஓர் ஆலையின் கதை இல்லை, பஞ்சாலை எங்கே உண்டோ அங்கே உள்ள கதை. அதே வீடுகளில் இருந்து இன்ஜினியரும் டாக்டரும் வந்தார்கள். அந்த மாத சம்பளம், போனஸ், பி.எஃப். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

இனி யார் கையில்

2017-க்குப் பிறகு வெங்கட்ராம ராஜா தலைவர். வீட்டுப் பெண்களும் ஆலை நிர்வாகத்தில் இருக்கிறார்கள், நான்காம் தலைமுறையும் வந்துவிட்டது. ஆக, சித்தப்பா, உங்கள் மூன்று தலைமுறைக் கணக்கு இங்கே கடந்து போய்விட்டது.

கடந்ததற்கு என் கணக்கில் மூன்று காரணம். ஊராரின் பணம் உள்ளே இருந்ததால் வருஷா வருஷம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பணம் போட்டவர்களின் கண்ணெதிரே குடியிருந்ததால் அந்தக் கணக்கில் முகம் இருந்தது. ஒரு தொழில் நன்றாக ஓடும்போதே அடுத்த தொழிலில் காலை வைத்தார்கள்: நூல் ஓடும்போது சிமெண்டு, சிமெண்டு ஓடும்போது காற்றாலை, கணினி. இதில் எதுவும் ஜாதகத்தில் எழுதியது இல்லை. ஆனால் முதல் இரண்டும் இனி அப்படியே இருக்கும் என்று சொல்லவும் முடியாது. இன்றைக்குப் பங்குதாரர் என்றால் மும்பையில் இருக்கும் மியூச்சுவல் ஃபண்டு, வெளிநாட்டு நிதி நிறுவனம். அவர்கள் கடைத்தெருவில் எதிர்ப்பட மாட்டார்கள்.

ஊரார் கையில் இருந்த பங்கு என்ன ஆனது? கல்யாணச் செலவுக்கு விற்றவர்கள் உண்டு. ஆலை ஓடாது என்று பயந்து கொடுத்தவர்கள் உண்டு. வைத்திருந்து நல்ல விலை பார்த்தவர்களும் உண்டு. நான்காவது வகை ஒன்று இருக்கிறது, இந்தப் பதிவை நான் எழுதியதில் பாதி அவர்களுக்காக. தாத்தா வாங்கினார், டிரங்குப் பெட்டியில் வைத்தார், யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் அதை எந்தக் காலத்துக் காகிதமோ என்று கட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர்கள் கவனியுங்கள். எந்தக் கம்பெனியானாலும் சரி, தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்டு வாங்காமல் விட்டால், அந்தப் பணமும் அந்தப் பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போனதும் தொலைந்தது என்று அர்த்தம் இல்லை. வாரிசுகள் ஐ.இ.பி.எஃப்-5 என்ற படிவத்தில் இணையம் வழியாக விண்ணப்பித்து மீட்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று முதலியவை தேவைப்படும். காகிதப் பத்திரமாகவே வைத்துக்கொண்டு வேறு ஒருவருக்கு விற்க 2019 ஏப்ரலில் இருந்து முடியாது, டீமேட் கணக்கில் ஏற்றவேண்டும். பாதிப் பங்கு தருகிறேன் என்று வரும் தரகரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு ஃபோலியோ நம்பரைக் குறித்து ஒரு கடிதம் எழுதுங்கள்.

தைப்பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணில் கிடக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழுப்பேறிய காகிதத்தில் கம்பெனி முத்திரையும் தாத்தா பெயரும் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். பக்கத்தில் பாட்டி இருந்தால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எதை விற்று வாங்கினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம் ஊர் தொழில் சரித்திரத்தில் முதலாளிகள் பெயர் மட்டும்தான் அச்சில் இருக்கிறது. பணம் போட்ட சம்சாரி பெயரும், ஸ்பிண்டில் முன்னால் நின்றவர் பெயரும் உங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன.

அடுத்த ஞாயிறு, முடிந்தால், நம் ஊர் பென்னிங்டன் நூலகம் பற்றி எழுதுகிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.